ரியாக்ட் 19: புதுசைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைப்பக்கங்களை காம்போனென்ட் என்ற சிறு துண்டுகளாக எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் ரியாக்ட். அதன் 19ஆம் பதிப்பு வந்தது 2024 டிசம்பரில். புதுச்சேரியில் வேலை தேடும் பிள்ளைகளின் ரெஸ்யூமில் அதன் புது ஹூக்குகள் (காம்போனென்ட்டுக்குள் கூப்பிடும் ரியாக்ட்டின் சிறப்பு ஃபங்ஷன்கள்) வரிசையாக நிற்கும். ப்ராஜெக்ட்டைத் திறந்தால், அதைத் தொடங்கியது கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற பழைய கருவியில்! 2025 பிப்ரவரியிலேயே ரியாக்ட் குழு அதை ஓரங்கட்டிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வீட் (Vite) அல்லது நெக்ஸ்ட்ஜேஎஸ் (Next.js) பக்கம் போய்விடுங்கள்.

என்ன சேர்ந்தது என்று மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. என்ன போயிற்று என்று முதலில் பாருங்கள். கடலூர் ஓ.டி.யில் ஒரு மீன் கடைக்கு ஆர்டர் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடை சொல்லாவிட்டால் 1 கிலோ என்று டீஃபால்ட்ப்ராப்ஸில் போட்டிருக்கிறீர்கள். 19இல் ஃபங்ஷனாக எழுதிய காம்போனென்ட்டுக்கு அது செல்லாது. எரர் எதுவும் வராது. வஞ்சிரத்தின் விலை வரவேண்டிய இடத்தில் எண்ணே இருக்காது, அவ்வளவுதான். இயல்பு மதிப்பை ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். காம்போனென்ட்டுக்கு வரும் மதிப்புகளின் வகையைச் சரிபார்க்கும் ப்ராப்டைப்ஸுக்கும் இதே கதிதான், எழுதியிருந்தாலும் ரியாக்ட் கண்டுகொள்ளாது. அதனால் நேரே 19க்குத் தாவாமல் முதலில் 18.3 போடுங்கள். 18.2 மாதிரியே ஓடும், டீஃபால்ட்ப்ராப்ஸ் போன்றவற்றைப் பற்றிக் கன்சோலில் முன்கூட்டியே எச்சரிக்கும்.

அடுத்தது ஃபார்ம். ‘அனுப்பு’ பட்டனை அழுத்தியதும் ‘போகிறது…’ என்று மாறவேண்டும். அதற்கு யூஸ்ஃபார்ம்ஸ்டேட்டஸ் என்ற ஹூக் இருக்கிறது. ஃபார்ம் போய்க்கொண்டிருக்கிறதா என்பதை ‘பெண்டிங்’ என்ற மதிப்பில் சொல்லும். ஃபார்மை எழுதிய அதே காம்போனென்ட்டுக்குள் அதைக் கூப்பிட்டால் பெண்டிங் எப்போதும் ஃபால்ஸ்தான். தனக்கு மேலே இருக்கும் ஃபார்மை மட்டுமே அது பார்க்கும். பட்டனைத் தனி காம்போனென்ட்டாக எடுத்து, ஃபார்முக்குள் வைத்தால் சரியாகிவிடும்.

ஃபார்ம் ஆக்‌ஷனில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஃபார்மை அனுப்பும்போது ஓடும் ஃபங்ஷன்தான் அது. ஆக்‌ஷன் எரர் வீசாமல் முடிந்தால், ஸ்டேட்டில் (காம்போனென்ட்டின் நினைவில்) பிடித்துவைக்காத இன்புட்டுகளை ரியாக்ட் தானாகவே பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். ‘போன் நம்பர் தப்பு’ என்று ஒரு செய்தியை மட்டும் திருப்பி அனுப்பினாலும், ரியாக்ட்டைப் பொறுத்தவரை அது நல்லபடியாக முடிந்த கணக்குதான். வாடிக்கையாளர் பெயர், முகவரி எல்லாவற்றையும் மறுபடி அடிக்கவேண்டும். யாருக்குத்தான் எரிச்சல் வராது? செய்தியோடு அவர் அடித்ததையும், திருப்பி அனுப்பியதைப் பிடித்துவைக்கும் ஹூக்கான யூஸ்ஆக்‌ஷன்ஸ்டேட் வழியாகத் திருப்பிக் கொடுத்து, இன்புட்டின் தொடக்க மதிப்பான டீஃபால்ட்வேல்யூவில் போடுங்கள். யூஸ்ஃபார்ம்ஸ்டேட் என்று சொல்லித்தரும் வீடியோ கிடைத்தால், அது இந்த ஹூக்கின் பழைய பெயர். அதை மூடிவிட்டு வேறு பாருங்கள்.

யூஸ் என்ற புது வசதிக்குக் கொடுக்கும் ப்ராமிஸை (பிறகு வரப்போகும் தரவுக்கான உறுதி) கிளையன்ட் காம்போனென்ட்டின், அதாவது பிரவுசரில் ஓடும் காம்போனென்ட்டின், ரெண்டருக்குள்ளேயே (திரையில் வரைய அது ஓடும்போதே) உருவாக்காதீர்கள். ஒவ்வொரு ரெண்டருக்கும் புது ப்ராமிஸ் பிறக்கும், லோடிங் விடாமல் சுற்றும்.

அப்புறம், 19 போட்டாயிற்று, இனி ரியாக்ட் கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்று, கணக்கிட்டதை நினைவில் வைக்கும் யூஸ்மெமோவை எல்லாம் அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த வேலையைத் தானாகச் செய்யும் கம்பைலர் 19உடன் தானாக வருவதில்லை, பில்டில் தனியாகச் சேர்க்கவேண்டியது. காம்போனென்ட்டுக்குள் ரெஃப்பைக் (பக்கத்தின் ஒரு உறுப்பை நேரடியாகப் பிடிக்கும் கைப்பிடியை) கடத்த உதவிய ஃபார்வர்டுரெஃப் புதுக் கோடுக்குத் தேவையில்லைதான், ஆனால் 19இல் இன்னும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அதைப் பிடுங்க வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை.