ரிஜெக்ட் ஆன பீஸை மேஜை மேல் வையுங்கள்

டீமில் எல்லாரும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் மேனேஜர்கள் பெரும்பாலும் செய்வது, வெளியிலிருந்து ஒரு ட்ரெய்னரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை மதியம் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்து, சமோசா டீ கொடுத்து அனுப்புவது. திங்கட்கிழமை சமோசாதான் ஞாபகம் இருக்கும்.

கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் சிஎன்சி மெஷின் ஓடும் பட்டறையில் நான் ஷிப்டு பார்த்தவன். பீஸ் ரிஜெக்ட் ஆனதும் ஆபரேட்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். திட்டு விழும் என்றால் அது ஸ்கிராப் தொட்டியின் அடிக்குப் போய்விடும், மேலே இரும்புச் சுருளை அள்ளிப் போட்டு மூடிவிடுவார் (நானும் போட்டிருக்கிறேன்). அடுத்த ஷிப்டுக்காரர் அதே தப்பைப் புதிதாகச் செய்வார்.

டொயோட்டா லைனில் இதற்காகவே ஒரு கயிறு வைத்தார்கள், கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், டீம் லீடர் வந்து பார்ப்பார், உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும். ஜப்பானில்தான் இதெல்லாம் நடக்கும் என்பவர்களுக்கு, சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இலேயே, தர மேம்பாட்டுக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசை வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஷிப்டு மாறும்போது பத்து நிமிடம், நின்றுகொண்டே, அன்றைய ரிஜெக்ட் பீஸை மேஜை மேல் வைத்துப் பேசுங்கள். "யார் போட்டது" என்று கேட்கவே கேட்காதீர்கள். ஏன் என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். விட்டம் ஏன் கூடியது? இன்சர்ட், அதாவது உலோகத்தை வெட்டும் முனை, தேய்ந்துவிட்டது. ஏன் மாற்றவில்லை? எத்தனை பீஸுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஏன் எழுதவில்லை? இப்போது பதில் சொல்ல வேண்டியவர் ஆபரேட்டர் இல்லை, நீங்கள். அதை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இன்னொருவர் தானாகவே ஒரு பீஸை எடுத்து வருவார்.

அப்புறம், மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் சீனியர் செட்டர் அண்ணன். ஆஃப்செட், அதாவது டூலுக்குக் கொடுக்க வேண்டிய அளவுத் திருத்தம், எல்லாம் அவர் சட்டைப்பை டைரியில்தான் இருக்கும், சொல்லிக் கொடுத்தால் தன் மதிப்பு போய்விடும் என்ற பயம், அதில் நியாயமும் உண்டு. சுவரில் யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்று வட்டம் போட்டுக் கால் கால் பாகமாக நிரப்புவோம் இல்லையா, அதில் முழு வட்டத்தை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு மட்டும் கொடுங்கள். இன்கிரிமென்ட் பேசும்போதும் அதைக் கணக்கில் எடுங்கள், வெறும் கைதட்டலுக்கு டைரி திறக்காது.

இதெல்லாம் ஷிப்டு நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும். ஆறு மணிக்கு மேல் நிறுத்தி வைத்தால், கடைசி கம்பெனி பஸ் போய்விடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.