கன்னியர் மடத்தில் நடந்த கொடுமையைப் புகாராக்குவது எப்படி?

முதல் வேலை எழுதி வைப்பது. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார். “அடிக்கடி திட்டினார்” என்பது விசாரணையில் நிற்காது. “இரவு ஜெபம் முடிந்ததும் படிக்கட்டில் நிறுத்தி இப்படிச் சொன்னார்” என்பது நிற்கும். நோட்டை மடத்துக்குள் வைக்காதீர்கள். படமெடுத்து, வெளியே நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் தனியாகப் பாவங்களை அறிக்கையிடும் சடங்கு) சொல்லிவிட்டு, புகார் கொடுத்தாயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே கேட்டதைக் குரு யாரிடமும் சொல்ல முடியாது. எந்தக் கோப்பிலும் அது ஏறாது.

பாலியல் கொடுமை என்றால் முதலில் காவல்துறை. கூடவே ஆயருக்கும் (மறைமாவட்டத்தின் தலைவர், பிஷப்) எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போப் பிரான்சிஸ் 2019இல் பிறப்பித்த ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ என்ற, பாலியல் கொடுமைப் புகார்களுக்கான திருச்சபைச் சட்டப்படி, புகார் கொடுத்தவரிடம் வாய் திறக்கக் கூடாது என்று யாரும் கட்டளையிட முடியாது. இதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

மனதில் உள்ளதையெல்லாம் மடத்துத் தலைவியிடம் கொட்டச் சொல்லி நெருக்குவதையும் திருச்சபைச் சட்டம் 630 தடுக்கிறது. நவசந்நியாசத்தில் (வார்த்தைப்பாடு கொடுக்கும் முன் உள்ள பயிற்சிக் காலம்) இருப்பவர் தாமாகவே விலகலாம் (சட்டம் 653). கிளம்பும் முன் படிப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.