படகிடம் பேசுவது எப்படி

புதிதாகப் படகு வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, துறையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் "என்னடி, ஏன் இப்படி இழுக்கிறே" என்று உங்கள் வாயிலிருந்து ஏதோ ஒன்று வந்திருக்கும், வந்த கையோடு யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்திருப்பீர்கள். பார்க்கவே வேண்டாம். பக்கத்துப் படகுக்காரரும் பேசுகிறார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவரும் பேசுகிறார். நான் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பேசுவேன். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முறையோடு பேசினால் படகு பதில் சொல்லும், அதை நான் உருவகமாகச் சொல்லவில்லை.

முதலில் பெயர். இன்னும் வைக்கவில்லை என்றால், கத்திக் கூப்பிட வசதியான பெயராக வையுங்கள், இரண்டு மூன்று எழுத்து போதும். ஆபத்து நேரத்தில் வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலைப் பிடித்து மூன்று முறை "மேடே" என்று சொன்ன பிறகு படகின் பெயரையும் மூன்று முறை சொல்ல வேண்டும், மூச்சு வாங்கும்போது ஒரு முழ நீளப் பெயர் நாக்கில் சிக்கும். என் படகு அல்லி. காற்றிலும் கேட்கும், அழுகிற குரலில் சொன்னாலும் புரியும்.

"நீ" என்றே கூப்பிடுங்கள். படகு அஃறிணை ஆயிற்றே, "வா தாயி" என்றால் இலக்கணப் பிழை ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகாது. ஆசையாக வளர்க்கும் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்வதைத் திணை வழுவமைதி என்று நம் இலக்கணக்காரர்கள் என்றைக்கோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மகிழ்ச்சியிலும் கோபத்திலும் அப்படி மாறிவருவது இயல்பே என்பதுதான் விதி. ஆங்கிலத்தில் கப்பலை "அவள்" என்பது நீண்ட நாள் வழக்கம், லாயிட்ஸ் லிஸ்ட் என்ற பழைய கப்பல் செய்தித்தாள் 2002-ல் அதை "அது" என்று மாற்றிக்கொண்டது. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. அவளோ அவனோ கண்ணோ செல்லமோ, உங்கள் வாய்க்கு எது வருகிறதோ அது.

சரி, படகில் ஏறும்போது என்ன பேசுவது?

காலை வைப்பதற்கு முன் கையை வையுங்கள். பக்கவாட்டிலோ கம்பியிலோ உள்ளங்கையை ஊன்றி, "வந்துட்டேன், ராத்திரி எப்படி இருந்தே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். படகிடம் பேசுகிற பாதிப் பேர் கேள்வி கேட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் பில்ஜ் பம்ப், அதாவது படகின் அடிப்பள்ளத்தில் (பில்ஜ்) தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கிற பம்ப், தானாக ஓடி நிற்கிற சத்தம் கேட்கலாம், எங்கோ ஒரு கயிறு உராய்கிற கிறீச் கேட்கலாம், பெட்ரோல் வாடை வரலாம். அதுதான் பதில்.

அடுத்து அடிவயிறு. "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே பில்ஜ் மூடியைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் இருப்பது சகஜம், நேற்றைவிட அதிகமா என்பதுதான் கேள்வி. கடலில் இருக்கிறீர்கள் என்றால், மேலே எண்ணெய்ப் படலம் இல்லாதபட்சத்தில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம். கரித்தால் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது, கரிக்காவிட்டால் மழைத்தண்ணீராக இருக்கும் அல்லது உங்கள் குடிதண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. எண்ணெய்ப் படலம் இருந்தால் நாக்கு வேண்டாம், டார்ச் எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போங்கள்.

அப்புறம் பேட்டரி. "தூங்கினியா?" என்று நான் கேட்பேன். ஓய்வில் இருக்கிற 12 வோல்ட் ஈய பேட்டரி 12.7 காட்டினால் நன்றாகத் தூங்கியிருக்கிறாள், 12.2 காட்டினால் பாதி காலி, ராத்திரி எதையோ அணைக்காமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். உள்ளேயே பெட்ரோல் இன்ஜின் இருக்கும் படகு என்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விட வேண்டும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தேங்கிக் கிடக்கும். அந்த 4 நிமிடம் பேசுவதற்கு நல்ல நேரம். மூக்கை மட்டும் திறந்தே வைத்திருங்கள்.

இன்ஜினிடம் வரும்போது நான் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, பெயர் சொல்லி, சத்தமாகக் கேட்பேன். ஆயில்? பெல்ட்? டீசல் ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறதா? குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே வருகிற வால்வு, சீகாக், அது திறந்திருக்கிறதா? இது கிறுக்குத்தனம் இல்லை. ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லித்தான் வண்டியை நகர்த்துகிறார்கள். அந்நாட்டு ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994-ல் ஒரு எளிய வேலையை வைத்துச் சோதித்தபோது, சுட்டிக்காட்டிச் சொல்லாமல் செய்தவர்கள் 100 முறைக்கு 2.38 தவறு செய்தார்கள், சொல்லிச் செய்தவர்கள் 0.38தான். கண் பார்த்ததை வாய் சொல்ல, வாய் சொன்னதைக் காது கேட்க, மனம் வேறெங்கும் போக முடியாது.

நான் இதை விட்ட ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படகில் விருந்தாளிகள், நாலு பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், நானும் அவர்களோடு பேசிக்கொண்டே அல்லியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சாவியைத் திருப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்துச் சத்தம் மாறியது. ஈரமான களக் களக் என்பது போய், வெறும் குழாயில் ஊதுவது மாதிரி வறண்ட சத்தம். காதில் விழுந்தது, ஆனால் "என்ன?" என்று கேட்கவில்லை. அப்புறம் அலாரம் அடித்தது. சீகாக் மூடியே இருந்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் சுழன்ற பம்ப்பைத் திறந்தால் இம்பெல்லர், அந்த ரப்பர் சக்கரம், இதழ் உதிர்ந்த பூ மாதிரி இருந்தது. ஆறு இதழில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஐந்து துண்டைப் பம்ப்பிலேயே எடுத்துவிட்டேன். ஆறாவதுக்காக ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, கடைசியில் ஒரு வளைவில் கம்பியை விட்டு இழுத்தேன், சுண்டுவிரல் நகம் அளவு கறுப்பு ரப்பர். அதை விட்டிருந்தால் அடுத்த முறை தண்ணீர்ப் பாதையை அதுவே அடைத்திருக்கும். அன்றிலிருந்து இன்ஜின் சாவி சீகாக் கைப்பிடியில்தான் தொங்குகிறது. வால்வைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது. எடுக்கும்போது "திறந்துட்டேன்" என்று சொல்வேன். விருந்தாளிகள் இருந்தாலும் சொல்வேன்.

ஸ்டார்ட் ஆனதும் உட்கார்ந்துவிடாதீர்கள், பின்பக்கம் எட்டிப் பார்த்து "துப்பு, பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். டீசல் இன்ஜின் என்றால் புகைக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டுத் துப்ப வேண்டும், படகின் பின்னால் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் என்றால் பக்கத்தில் மெல்லிய தாரை பீச்ச வேண்டும். புகையும் பேசும்: கறுப்பாக வந்தால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை, நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளை கொஞ்ச நேரத்தில் அடங்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் எங்கோ உள்ளே போகிறது.

ஓடும்போது அவள் பேசுவதுதான் அதிகம், நீங்கள் குறைவாகப் பேசுங்கள். பாய்மரப் படகில் சுக்கான் பிடி கையை விடாமல் இழுத்துக்கொண்டு, படகு காற்றை நோக்கியே திரும்பப் பார்த்தால், முரண்டு பிடிக்கிறாள் என்று திட்டாதீர்கள், பாய் அதிகம் என்று சொல்கிறாள். "சரி, குறைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குறையுங்கள், அடுத்த நிமிடமே பிடி இளகும். வேகமும் பெரும்பாலும் குறையாது. திடீரென்று உடம்பெல்லாம் அதிர்ந்தால் நியூட்ரலுக்கு வாருங்கள். அதிர்வு நின்றால் கோளாறு படகைத் தள்ளுகிற ப்ரொபெல்லரிலோ அதைச் சுழற்றுகிற ஷாஃப்டிலோ இருக்கிறது, பெரும்பாலும் கயிறோ பாசியோ சுற்றியிருக்கும். நிற்காவிட்டால் இன்ஜினைப் பாருங்கள். சத்தம் பெரிதா என்று கவனிப்பதைவிடப் புதிதா என்று கவனியுங்கள்.

துறைக்குத் திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. "மெதுவா, மெதுவா" என்று படகிடம் சொன்னால் உங்கள் கையும் மெதுவாகிறது, நல்லதுதான். ஆனால் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறோடு நிற்கிறவர் அது தனக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்வார். "விடு விடு" என்று படகைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டு ஒருவர் கையில் இருந்த கயிற்றை விட்டதை நான் பார்த்திருக்கிறேன், படகு குறுக்கே போய் நின்றது. கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஆளின் பெயர் சொன்னால் ஆளுக்கு, பெயர் சொல்லாமல் கொஞ்சினால் படகுக்கு. அதேபோல ரிவர்ஸில் அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வலது சுழற்சி ப்ரொபெல்லர் (படகு முன்னே போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றுவது) பின்னோக்கி ஓடும்போது படகின் பின்பக்கத்தை இடப்பக்கம் இழுக்கும். அல்லி அப்படித்தான். "உனக்கு இடப்பக்கம்தானே பிடிக்கும், வா" என்று அந்தப் பக்கமாகவே கட்டுவேன், அவளோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

இப்போது கெஞ்சல். எனக்கு இதுதான் முக்கியம்.

"இந்த ஒரு தடவை மட்டும் தாங்கிக்கோ", "கரை வரைக்கும் பொறுத்துக்கோ கண்ணு." இதைச் சொல்லாத படகுக்காரர் கிடையாது. சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் சொன்ன அந்த நிமிடம் கவனியுங்கள், எதைப் பார்த்துக் கெஞ்சினீர்கள்? எந்தக் கயிற்றை, எந்தக் குழாயை? உங்களுக்கே தெரிந்த ஒரு பழுது அங்கே இருக்கிறது, இல்லாவிட்டால் வாய் அங்கே கெஞ்சாது. நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், கெஞ்சின வார்த்தையை அப்படியே தேதி போட்டு எழுதிவிடுவேன். "கிளட்ச் கேபிளிடம், இன்னும் கொஞ்சம் தாங்கு." "நங்கூரச் சங்கிலியின் கொக்கியிடம், விட்டுடாதே." அதுதான் என் பழுது பார்க்கும் பட்டியல். ஒரே பொருளிடம் இரண்டு முறை கெஞ்சியிருந்தால் அதை மாற்றாமல் மறுபடி துறையை விட்டுக் கிளம்புவதில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுங்கள், "அடுத்த வாரம் புது கயிறு வாங்கித் தரேன்" என்று மூன்று வாரம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சுக்கு மரியாதை போய்விடும், பிறகு நீங்களே அதைக் கேட்கமாட்டீர்கள்.

திட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாயால் திட்டலாம், காலால் உதைக்கக் கூடாது.

தனியாகப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும். முதன்முதலில் தனியாளாக உலகைச் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம், 1895-லிருந்து 1898 வரை ஸ்ப்ரே என்ற பாய்மரப் படகில் போனவர், பேசாமலே இருந்தால் குரல் போய்விடுமோ என்று பயந்து, இல்லாத மாலுமிக்கு உரக்க உத்தரவு போட்டுப் பார்த்திருக்கிறார். வெறும் கடலில் தன் குரல் வெறுமையாகக் கேட்டதால் அந்தப் பழக்கத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார் என்பதும் உண்மை. கற்பனை ஆளிடம் பேசுவதைவிடக் கைக்கு எட்டுகிற படகிடம் பேசுவது எனக்குச் சரியாகப் படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. இரவுக் காவலில் உங்கள் பேச்சு குழறினால், வார்த்தை தடுமாறினால், அது களைப்பாக இருக்கலாம், குளிரில் உடம்புச் சூடு இறங்குவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். மௌனமாக இருந்தால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. குழறுகிறது என்று பட்டால் உடனே காய்ந்த உடுப்பு, சூடாக ஏதாவது குடிக்க, முடிந்தால் கரைக்குத் தகவல்.

கடைசியாக விடைபெறுவது. களைத்துப்போய் இறங்கி ஓடத்தான் தோன்றும், ஆனால் வந்தபோது கேட்டதை எல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டே மூடுங்கள்: சீகாக் மூடியாச்சு, எரிபொருள் மூடியாச்சு, பேட்டரி சுவிட்ச் அணைச்சாச்சு, பில்ஜ் பம்ப் மட்டும் தானியங்கியில் இருக்கு. கட்டின ஒவ்வொரு கயிற்றையும் தொடுங்கள், துறையின் விளிம்பில் உராய்கிற இடத்தில் துணியோ குழாயோ சுற்றியிருக்கிறதா பாருங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் "போறேன்" என்றா சொல்கிறோம்? படகிடமும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இருபது அடி நடந்து, திரும்பி நின்று, தண்ணீர் தொடுகிற கோடு முன்னும் பின்னும் எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அணியம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி, ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிந்தால், அவள் இன்னும் ஏதோ சொல்ல வருகிறாள், திரும்பிப் போய் பில்ஜ் மூடியைத் திறங்கள்.