வாடகையை மிச்சப்படுத்தக் காரில் சில மாதங்கள்

வாடகைப் பணத்தைச் சேமிப்பதற்காகக் காரில் தங்க முடிவெடுப்பவர், எத்தனை மாதங்கள், எவ்வளவு தொகை என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வண்டிக்குள் இரவில் உறங்குவதை அந்த ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும், கடிதங்கள் வந்து சேர ஒரு முகவரி இருக்கிறதா என்பதையும் வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பின்னிருக்கையை மடக்கினால் கிடைக்கும் தளம் பெரும்பாலும் சரிவாகவே இருக்கும். மடிப்பின் விளிம்பு சரியாக இடுப்புக்குக் கீழே வந்து உறுத்தும். பள்ளத்தைத் துணிமூட்டைகளால் நிரப்பி, மேலே பலகையிட்டு மெத்தை விரித்து, வீடு கையில் இருக்கும்போதே இரண்டு இரவுகள் உறங்கிப் பார்த்துவிடுங்கள். (முதல் இரவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; புது இடத்தில் முதல் இரவு பலருக்கும் சரியாகத் தூக்கம் வராது.)

கண்ணாடிகளை முழுவதுமாக மூடிக்கொண்டு உறங்கினால், மூச்சிலிருந்து வெளியேறும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் துளிகளாகப் படிந்து, விடிவதற்குள் போர்வையின் ஓரம்வரை நனைந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கண்ணாடிகளை ஒரு விரற்கடை இறக்கி, இடைவெளியில் கொசுவலைத் துணியைச் செருகி வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதும், உள்ளே அடுப்பு மூட்டுவதும் கூடவே கூடாது. இவற்றிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு.

குளிப்பதற்கு உடற்பயிற்சிக் கூடத்தின் மாதச் சந்தா போதும். கைப்பேசிக்குத் தனியாக ஒரு பவர் பேங்க் வாங்கிக்கொள்ளுங்கள்; வண்டியின் 12 வோல்ட் பேட்டரி முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், அது 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் காலையில் வண்டி கிளம்புவது சந்தேகமே.