மட் சுற்றும்போது வடிநீர் இழப்பைக் குறைப்பது எப்படி

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பம்ப் வைத்துச் சுற்றவிடும் சேற்றுக் கலவைதான் மட்; அதிலிருந்து பாறைக்குள் கசியும் நீர்தான் வடிநீர். ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) சோதனையில் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தத்தில் 30 நிமிடம் வைத்துப் பார்த்து, வடிநீர் குறைவு என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அது மட் அசையாமல் நிற்கும்போது எடுத்த கணக்கு. நின்றால் கேக் (நீர் வடியும் இடத்தில் படியும் மட் படலம்) தடித்துக்கொண்டே போகும், வடிதலும் தானாகக் குறையும். பம்ப் ஓடும்போது ஓட்டம் கேக்கை அரித்துக்கொண்டே இருப்பதால் ஒரு கட்டத்துக்கு மேல் அது தடிக்காது, வடிதலும் ஓயாது.

அதனால் மெல்லிய, இறுக்கமான கேக்தான் வேண்டும். முதலில் பாறையின் நுண்துளைகளை அடைத்துவிடுங்கள். நுண்துளை அளவில் மூன்றில் ஒரு பங்காவது சராசரி அளவுள்ள கால்சியம் கார்பனேட் தூள் போடுவது ஏப்ரம்ஸ் விதி. மட் சுற்றச் சுற்றத் தூள் நொறுங்கிச் சிறுத்துவிடும், ஆக ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. அப்புறம் மிச்ச இடைவெளிக்குப் பென்டோனைட் களிமண்ணும், பிஏசி (பாலிஅனயானிக் செல்லுலோஸ்) அல்லது ஸ்டார்ச்சும். ஸ்டார்ச் 120 டிகிரி செல்சியஸ் வாக்கில் சிதையத் தொடங்கும், சூடான கிணற்றில் அதை நம்ப வேண்டாம்.

பம்ப் வேகம்? வெட்டுத்தூள் மேலே வரப் போதுமான அளவு இருந்தால் சரி, அதற்கு மேல் ஏற்றினால் கேக் அரிப்புதான். மட் எடையையும் (அதாவது அடர்த்தியையும்) தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். முடிந்தால், சுழல் தண்டு உள்ள கருவியில் பீங்கான் வட்டை வைத்து, கிணற்று வெப்பத்திலேயே சோதியுங்கள்.