அகழியின் வயதை அகழிக்குள் தேடாதீர்கள்

இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த இடைக்கால மனைகள் ஏறக்குறைய 6,000 பதிவாகியுள்ளன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் உருவானவை. நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் உள்ள களிமண் நிலங்களில்தான் இவை அடர்ந்து கிடக்கின்றன. நிலப்பிரபுவின் பண்ணை மாளிகையான மேனர் என்றோ இடிந்து போயிருக்கும். மேய்ச்சல் நிலத்தின் நடுவே புல் மூடிய ஒரு திட்டும், அதைச் சுற்றிப் பாதி தூர்ந்த பள்ளமும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

கோடைக்காலப் பயிற்சி அகழாய்வுகளில் கரணை பிடிக்க வரும் புதியவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைப் பிசகாமல் செய்கிறார்கள். பையில் குறிப்புச்சீட்டு போட மறப்பது, குழியின் விளிம்பில் போய் நிற்பது போன்றவை ஒரு அதட்டலில் சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோட்டை என்று எண்ணிக்கொள்வது

அகழியைக் கண்டதும் முற்றுகையும் அம்புமழையும் பலர் மனதில் ஓடத் தொடங்கிவிடுகின்றன. பல மனைகளில் அகழி மூன்று பக்கம் மட்டுமே உண்டு. எந்தப் படை நாலாவது பக்கம் வராமல் இருக்கும்? ஈரக் களிமண்ணில் வடிகால், மீன் வளர்ப்பு, கள்வரையும் கால்நடையையும் தள்ளிவைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அக்கம்பக்கத்தில் பெருமை ஆகியவைதான் காரணங்கள். 1291-இல் அரசரிடம் அனுமதி பெற்று ஸ்டோக்சே மாளிகைக்கு அரண் அமைத்த லாரன்ஸ் ஆஃப் லட்லோ ஒரு கம்பளி வணிகர். போர்க்களம் கண்ட வீரர் அல்லர்.

அடிச்சேற்றை வைத்து அகழிக்கு வயது சொல்வது

இந்த ஒரு தவறுதான் இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. காரணம், இதைச் செய்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். முறையாக வேலை செய்ததாகவே நம்புகிறார்கள். அகழியின் குறுக்கே ஒரு குழி வெட்டுகிறார்கள். நீரை இறைத்து, மேலே உள்ள வண்டலை அகற்றி, கறுத்த அடிச்சேற்றை அடைகிறார்கள். அதில் ஒரு பானை ஓடு கிடைக்கிறது. 'ஆழத்தில் இருப்பதே பழையது, எனவே அகழி தோண்டப்பட்ட காலம் இதுவே' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அகழி என்றால் தூர்வாருவார்கள். ஏரி, குளம் உள்ள ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இலையும் சமையல் கழிவும் அதில் விழுந்துகொண்டே இருக்கும், கரை சரியும், சுவரோரக் கழிப்பிடங்களும் பெரும்பாலும் அகழிக்குள்தான் திறந்திருக்கும். வாராமல் விட்டால் நாற்றம் தாங்காது. ஆகவே முதல் நூறாண்டின் சேறு முழுவதும் வாரி வெளியே போடப்பட்டிருக்கும். நாம் காணும் அடிச்சேறு, கடைசியாகத் தூர்வாரிய பிறகு படிந்தது. அந்தக் கடைசித் தடவை 15-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம். மீன் வளர்க்கவோ தோட்டத்தை அழகுபடுத்தவோ விரும்பிய 18-ஆம் நூற்றாண்டு நிலவுடைமையாளர் ஒருவரின் கைங்கரியமாகவும் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில், கிழக்கு மாவட்டம் ஒன்றில், அடிச்சேற்றில் சிஸ்டெர்சியன் வகைக் கோப்பையின் ஓடு ஒன்று கிடைத்தது. கறுப்பு மெருகு பூசிய, 16-ஆம் நூற்றாண்டில் சகஜமாகப் புழங்கிய பாண்டம் அது. புதுப்பணக்கார விவசாயி ஒருவர் டியூடர் அரசர்களின் காலத்தில் வெட்டிய அகழி என்று அறிக்கை எழுதப்பட்டது. மாவட்டத் தொல்லியல் பதிவேட்டில் அது ஏறியது. அதைப் பார்த்து உள்ளூர் வரலாற்றுக் கையேடு எழுதினார்கள், கையேட்டைப் பார்த்து அடுத்த ஆய்வுத் திட்டத்தைத் தீட்டினார்கள். டியூடர் வீட்டைத் தேடியே அடுத்த அகழாய்வின் பணம் கரைந்தது. பின்னர் திட்டின் ஓரத்தில் வேறொரு குழு ஆழமாகப் போனபோது, அகழியிலிருந்து வெட்டிக் கொட்டிய களிமண்ணுக்கு அடியில் பழைய நிலமட்டம் அப்படியே இருந்தது. அதில் கிடைத்த சமையல் பானை ஓடுகளில் 13-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டது ஒன்றுகூட இல்லை. பதிவேட்டைத் திருத்தியாயிற்று, கையேட்டில் மட்டும் டியூடர் விவசாயி இன்னும் சௌக்கியமாக இருக்கிறார்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். திட்டின் கரை சரியும்போது பழைய ஓடுகள் புதிய சேற்றில் விழும். வாரிய சேற்றைத் திட்டின்மேல் பரப்பியிருந்தால் மேலே பழையதும் கீழே புதியதுமாக வரிசை தலைகீழாகிவிடும்.

அப்படியானால் எங்கே தேடுவது? முதலில், திட்டின்மேல் கொட்டிய மண்ணுக்கு அடியில் புதைந்த பழைய மேல்மண்ணில். அங்கே கிடைக்கும் கடைசிப் பொருளைவிட அகழி முந்தையதாக இருக்க முடியாது. ஒற்றை ஓட்டை மட்டும் நம்பாதீர்கள், முயல் வளை வழியாகவும் ஓடு இறங்கும். அடுத்து, பாலம் இருந்த இடம். பாலக் கால்களைத் தாங்கிய ஓக் அடிச்சட்டங்கள் சேற்றுக்குள் அழுகாமல் இருப்பதுண்டு. மரப்பட்டையை ஒட்டிய ஓரம் சிதையாமல் இருந்தால், மரவளைய ஆய்வு அந்த மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடும். ஆனால் அது முதல் பாலத்தின் மரமா, பழுதுபார்த்த மரமா, வேறு கட்டடத்திலிருந்து பிடுங்கி வந்ததா என்று இணைப்புத் துளைகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மூன்றாவதாக, அகழியின் பக்கச்சரிவில் வாரியவர்களின் மண்வெட்டி எட்டாமல் விட்ட சிறு படிகள். ஆதிச் சேறு கொஞ்சம் ஒட்டியிருந்தால் அங்கேதான் இருக்கும். இயந்திரத்தால் சரசரவென்று வெட்டிவிட்டு ஒரு புகைப்படத்தோடு திருப்தியடைந்தால் அந்தப் படிகள் கண்ணிலேயே படாது. வெட்டுமுகத்தைக் கரணையால் சுத்தம் செய்து, அளந்து, கையால் வரையுங்கள்.

மஞ்சள் களிமண்ணோடு நிறுத்திவிடுவது

மேலே சொன்னதன் உடன்பிறப்பு இது. திட்டில் தோண்டும்போது ஓடோ கரியோ இல்லாத சுத்தமான களிமண் வரும். 'இயற்கை மண் வந்துவிட்டது' என்று கருவிகளைக் கழுவத் தொடங்குவார்கள். அது அகழியிலிருந்து வெட்டி எடுத்த மண்ணாக இருக்கலாம். அகழியின் அடியாழத்து மண் கடைசியாக வெளியே வருவதால் கொட்டிய குவியலில் அது மேலே நிற்கும். கிழக்கு மாவட்டங்களில், சுண்ணாம்புக்கல் கட்டிகள் நிறைந்த ஆழ்மண் மேலேயும் வெளிறிய மேற்பகுதி மண் கீழேயும் இருந்தால் அடுக்கு தலைகீழ் என்று பொருள். ஒரு மூலையிலாவது துளைத்துப் பாருங்கள். அகழிக்கு முந்தைய வீடே அதற்கடியில் இருக்கக்கூடும்.

திட்டின் நட்டநடுவில் குழி போடுவது

கார்ன்வால் பகுதியில் உள்ள பென்ஹாலம் மேனரை 1968 முதல் 1973 வரை தொல்லியலாளர் கை பெரெஸ்ஃபோர்ட் அகழ்ந்தார். ஷாம்பர்நவுன் குடும்பம் 1180-க்கும் 1300-க்கும் இடையே கட்டிய அந்த மாளிகையில் கட்டடங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. அங்கே நடுவில் ஒரு குழி மட்டும் போட்டிருந்தால் வெறும் முற்றம்தான் கிடைத்திருக்கும். சுவரைக் காணாமல் திகைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் விட்ட பள்ளமே சுவரின் வரைபடம். அதை 'குப்பைக் குழி' என்று எழுதிவிடாதீர்கள்.

திட்டை மட்டும் தோண்டுவது

தொழுவமும் களஞ்சியமும் மீன்குளமும் பெரும்பாலும் அகழிக்கு வெளியே இருந்தன. நிலப்பிரபுவின் வருமானமும் அங்கேதான்.

ஈரமரத்தை வெயிலில் வைப்பது

ஒரு பிற்பகல் போதும், வெடித்துவிடும். பாதுகாப்பு நிபுணருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பணம் ஒதுக்காமல் அகழிக்குள் இறங்கவே இறங்காதீர்கள். சேற்று மாதிரியும் கைப்பிடி அளவு போதாது. விதை, வண்டு ஆய்வுகளுக்கு ஓர் அடுக்கிலிருந்து பல லிட்டர் எடுப்பதே வழக்கம்.

மெட்டல் டிடெக்டரோடு வருவது

பாதுகாக்கப்பட்ட இடத்தில் முறையான உரிமம் இல்லாமல் பயன்படுத்தினால் 1979-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி குற்றம். நில உரிமையாளர் தலையசைத்தது உரிமம் ஆகாது.

ஆளில்லாமல் போனதற்கெல்லாம் கொள்ளைநோயைக் காரணம் காட்டுவது

14-ஆம் நூற்றாண்டோடு ஓடுகள் நின்றுவிட்டால் போதும், 1348–49 கொள்ளைநோய் என்று எழுதிவிடுகிறார்கள். பல மேனர்கள் வைத்திருந்த குடும்பம் ஒன்றில் மட்டும் தங்கிக்கொண்டு மற்றவற்றைக் குத்தகைக்கு விட்டிருக்கலாம். ஆண் வாரிசில்லாமல் சொத்து மகளின் திருமணத்தின் வழியே இன்னொரு குடும்பத்துக்குப் போயிருக்கலாம். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தபோது எடுக்கப்பட்ட சொத்து விசாரணைப் பதிவுகள் பல இடங்களுக்கு எஞ்சியிருக்கின்றன. மாளிகை பழுதடைந்து பயனற்றுக் கிடக்கிறது என்று அவற்றில் சில நேரம் வெளிப்படையாகவே இருக்கும். பண்ணைக் கணக்குச் சுருள்களும் கிடைத்தால் அகழியை எந்த ஆண்டு, எவ்வளவு கூலி கொடுத்து வாரினார்கள் என்பதுகூடத் தெரியவரும். இதையெல்லாம் குழியை மூடிய பிறகு அறிக்கைக்காகப் படிக்கிறார்கள். எங்கே குழி போடுவது என்று தீர்மானிப்பதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்.