விபத்துக் கணக்கு எடுக்கக் கிளம்பும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கல்லூரியில் படிக்கும் நாலு தம்பிகள் என் பட்டறைக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் எந்தெந்த முக்கில் விபத்து அதிகம் என்று கணக்கெடுத்து மனு கொடுக்கப் போகிறார்களாம். நல்ல காரியம். கையில் ஒரு நோட்டு, பத்திரிகையில் வெட்டிய துணுக்குகள், அப்புறம் டைப் செய்து முடித்த மனு. மனுவின் முதல் வரியே ‘வேகத்தடை அமைத்துத் தரக் கோரி’ என்று ஆரம்பித்தது. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. தம்பிகள் மேல் கோபமில்லை. இதே வரியைத் தூக்கிக்கொண்டு நானும் ஒரு காலத்தில் அலைந்தவன்.

காரைக்குடிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். அடிபட்டு வரும் வண்டிகளை ஒரு நோட்டில் குறித்து வைப்பது பழக்கம். ஹெல்மெட் போட வேண்டும், குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஊர் விபத்துகளை ஆராயக் கிளம்புகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

‘பங்க் அருகில்’ என்று எழுதுவது

தம்பிகளின் நோட்டில் ஒரே இடத்துக்கு நேரே ஆறு விபத்துகள். இடம்: பெட்ரோல் பங்க் அருகில். சரி, வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். டீக்கடைக்காரர், பஞ்சர் கடைக்காரர், பூக்கட்டும் அம்மா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே நடந்தோம். ஆறில் இரண்டு ஊருணிக்கரை வளைவில் நடந்தவை. மூன்று, சந்து வந்து சேரும் இடத்தில். ஒன்றுதான் பங்க் வாசலில். ஊருணி வளைவுக்கும் பங்க்குக்கும் நடுவே நடந்தால் ஐந்து நிமிடம் ஆகும். மூன்றும் மூன்று வியாதி, ஒரே மருந்து எப்படிக் கேட்கும்?

மின்கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைக் குறியுங்கள். கடை பெயர் மாறும், பங்க் கைமாறும், கம்பத்து எண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. காவல்துறையினர் இப்போது ஐராட் என்ற அரசின் விபத்துப் பதிவுச் செயலியில் விபத்து நடந்த இடத்தையே பதிகிறார்கள். பழைய விபத்துகளுக்கு நாம்தான் நடந்து கேட்டாக வேண்டும்.

இன்னொன்று. வண்டி கிடந்த இடம் வேறு, மோதிய இடம் வேறு. மோதிய வண்டி பத்து மீட்டர் இழுத்துக்கொண்டு போய்க் கிடக்கும். மட்கார்டுக்கு அடியில் ஒட்டிக் காய்ந்திருந்த செம்மண் மோதிய அதிர்ச்சியில் பொலபொலவென்று கொட்டியிருக்கும். அந்த மண் எங்கே கிடக்கிறதோ அதுதான் இடம்.

இறந்தவர்களை மட்டும் எண்ணுவது

அரசாங்கக் கணக்கில் கரும்புள்ளி என்று ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், 3 வருடத்தில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் 5 நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போகும் 536ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போன்ற சாலைகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ ஒரு குறுக்குத் தெரு எந்தக் காலத்தில் அந்தப் பட்டியலுக்குள் வரப் போகிறது? அங்கே முட்டி பெயர்கிறது, மணிக்கட்டு உடைகிறது, சமாதானம் பேசி ஐந்நூறு ரூபாயோடு கலைந்துவிடுகிறார்கள். எழுத்தில் எதுவும் ஏறுவதில்லை.

அந்த வண்டிகளெல்லாம் பட்டறைக்குத்தான் வருகின்றன. உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் உட்கார்ந்து கேளுங்கள். வண்டியே சொல்லும். ஃபோர்க் பின்னால் மடங்கி, முன் ரிம் நசுங்கியிருந்தால் நேராகப் போய் எதன் மீதோ முட்டியது. கியர் லிவர் எஞ்சினோடு ஒட்டி மடங்கியிருந்தால் இடப்பக்கத்திலிருந்து ஒருவர் வந்து இடித்திருக்கிறார். பிரேக் பெடல் மடங்கியிருந்தால் வலப்பக்கம். ஹேண்டில் பாரின் நுனியும் ஃபுட்ரெஸ்ட் நுனியும் மட்டும் தேய்ந்திருந்தால் யாரும் இடிக்கவில்லை, மணலில் சறுக்கியிருக்கிறது. ஒரு வருடத்து வண்டிகளை இப்படிப் பிரித்தாலே ஊரின் நோய் பாதி தெரிந்துவிடும்.

‘வேகமா வந்தான்’ என்று முடித்துவிடுவது

வேகமாக வந்தவர்கள் அந்த ஒரு முக்கில் மட்டும் ஏன் விழுகிறார்கள் என்று கேளுங்கள்.

எதற்கும் முன்னால் வேகத்தடை கேட்பது

இதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிற தவறு. நீளமாகவே சொல்கிறேன்.

நம் செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும், குறுக்குத் தெருக்கள் அவற்றைச் செங்குத்தாக வெட்டும். பெரிய வீடு என்றால் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். இரண்டு தெருவுக்கும் நடுவே போகும் சந்து முழுக்க அந்த ஒரே வீட்டின் பக்கச்சுவர்தான். சுவர் முக்கு வரைக்கும் வந்துதான் நிற்கும். சந்திலிருந்து பைக்கில் வருகிறவருக்குப் பெரிய தெரு எப்போது கண்ணில் படும்? முன்சக்கரத்தின் நுனியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் அவர் கண் இருக்கிறது. சுவரைத் தாண்டி அவர் எட்டிப் பார்க்கும்போது முன்சக்கரம் ஏற்கெனவே தெருவுக்குள் ஒரு மீட்டர் வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் சுவரை ஒட்டித் தெருவில் வந்தால் தப்பிக்க வழியே இல்லை.

30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நிற்பதற்கு 30 மீட்டர் வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொடுவதற்கு 2.5 வினாடி வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் சுமார் 21 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் 9 மீட்டர். சந்து முனையில் நமக்குக் கிடைப்பது நாலைந்து மீட்டர்.

இப்படி ஒரு முக்கிலிருந்து ஒரே வருடத்தில் ஒன்பது வண்டிகள் என் பட்டறைக்கு வந்தன. ஒன்பது என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டேன். தெருவெல்லாம் ஏறி இறங்கி எழுபது எண்பது கையெழுத்து வாங்கினேன். ஏழு மாதம் அலைந்தோம். ஒரு நாள் ராத்திரி வந்து, வேறு வேலையில் மிஞ்சிய தார்க் கலவையைக் கொட்டி மேடு போட்டுவிட்டுப் போனார்கள். அகலம் இரண்டடி, உயரம் அரையடிக்கு மேல். பெயின்ட் இல்லை, பலகை இல்லை. எங்களுக்கு அது எதுவும் தோன்றவில்லை. சந்தோஷத்தில் தேங்காய் உடைத்தோம்.

மூன்றாம் நாள் விடிகாலை, இருட்டு விலகாத நேரம். பேரன் ஓட்ட, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்த ஒரு ஆச்சி அந்த மேட்டில் தூக்கி எறியப்பட்டார். மடியில் வைத்திருந்த பால் தூக்குவாளி உருண்டுபோய் வாய்க்காலில் கிடந்தது. பட்டறை பக்கம்தான் என்பதால் நான் ஓடினேன். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வலியிலும் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “இங்கே எப்பப்பா மேடு போட்டீக?” அந்த ஆச்சி அதற்குப் பிறகு கோலில்லாமல் நடக்கவில்லை. மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். சாலைக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடைக்கு அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் நோகாமல் ஏறி இறங்குகிற வளைவு அது. 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை, மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை. எங்களுக்குக் கிடைத்தது வெறும் திண்டு.

அதைவிடக் கொடுமை, முக்கில் மோதல் நிற்கவே இல்லை. ஏன் என்று நோட்டை எடுத்து, ஒரு தாளில் தெருவையும் சந்தையும் வரைந்து, ஒவ்வொரு விபத்துக்கும் இரண்டு அம்பு போட்டேன். யார் எங்கிருந்து வந்தார், யார் எங்கே போனார். முன்பு வந்த ஒன்பதில் ஏழு ஒரே மாதிரி: சந்திலிருந்து தெற்கு நோக்கி வந்த வண்டி, தெருவில் கிழக்கே போன வண்டியை இடப்பக்கம் இடித்திருக்கிறது. ஏழுக்கும் கியர் லிவர் மடங்கல். தெருவில் போனவர்கள் யாரும் பறந்து வந்தவர்களும் இல்லை. சுவரை ஒட்டி வந்தவர்கள், அவ்வளவுதான்.

மேடு போட்ட பிறகு என்ன ஆயிற்று? தண்ணீர் போவதற்காகச் சுவரோரம் ஒன்றரை அடி இடைவெளி விட்டிருந்தார்கள். மேட்டில் ஏற மனமில்லாத பைக்காரர்கள் எல்லாரும் அந்த இடைவெளியில் நுழைந்து போக ஆரம்பித்தார்கள். அதாவது, சுவரோடு சுவராக, சந்திலிருந்து வருகிறவரின் முன்சக்கரத்துக்கு நேராக. ஆபத்தான இடத்துக்கு ஆட்களைத் திருப்பிவிடும் வேலையைத்தான் நாங்கள் ஏழு மாதம் பாடுபட்டுச் செய்திருந்தோம்.

மேட்டை எடுக்க வைப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலை. சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வெள்ளைக் கோடு. கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே, இடித்தால் மடங்கி எழுந்துகொள்ளும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கம்பங்கள் நாலு. எதிர்ச்சுவரில் சந்து முனையைப் பார்த்தபடி ஒரு குவிக்கண்ணாடி. ஒரு பெரியவர் தன் வீட்டில் சும்மா கிடக்கும் கல்லுரல் இரண்டைத் தருகிறேன், கம்பத்துக்குப் பதில் வையுங்கள் என்றார். மனசார நன்றி சொல்லி வேண்டாம் என்றோம். சறுக்கி விழுகிறவன் தலை உரலில் மோதினால் என்ன ஆகும்?

கண்ணாடி இரண்டு முறை உடைந்தது, மாட்டினோம். கோட்டை வருடம் ஒருமுறை நாங்களே அனுமதி வாங்கி அடிக்கிறோம். அந்த முக்கிலிருந்து கியர் லிவர் மடங்கிய வண்டி பட்டறைக்கு வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது.

வேகத்தடையே தப்பு என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் சரியான அளவில், பட்டையோடு, பலகையோடு போட்டால் பிள்ளைகளைக் காக்கும். தேசிய நெடுஞ்சாலையில் கேட்கவே கூடாது, அங்கே வேகத்தடை வைக்கக் கூடாதென்பதே விதி. முதலில் அம்பு போட்டுப் பாருங்கள். எல்லா அம்பும் ஒரே திசையில் குவிந்தால் அங்கே எதுவோ கண்ணை மறைக்கிறது: சுவர், ஃப்ளெக்ஸ் போர்டு, சீமைக்கருவேல், கடையின் சாய்ப்பு. அம்புகள் சிதறிக் கிடந்தால்தான் வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆங்கில மாதம் போட்டுக் கணக்கெடுப்பது

தம்பிகள் ஜனவரி, பிப்ரவரியில் விபத்து கூடுகிறது என்று கண்டுபிடித்து, பனிமூட்டம் காரணம் என்று எழுதியிருந்தார்கள். தமிழ் மாதம் போட்டு எழுதுங்கள் என்றேன். தை என்று எழுதியவுடன் எல்லாம் கண்முன் வந்துவிடும். பொங்கலுக்கு வெளியூரிலிருந்து வந்து, ஊர்த் தெருவை மறந்துபோன கார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்த் திரும்பும் கூட்டம், ஒரு பைக்கில் மூன்று பேர். முகூர்த்த நாட்கள். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றிப் போகும் டிராக்டர்கள், பின்னால் சிவப்பு விளக்கே இருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரை.

காவடியோடு நடப்பவர்கள் வெயிலுக்கு முன் தூரத்தைக் கடக்க விடியுமுன்பே கிளம்புகிறார்கள். சாலையின் இடது ஓரம் நடப்பதால் வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வருகின்றன. வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். பையின் பின்புறமும் கைக்கோலிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். டிராக்டர் டிரெய்லருக்கும் அதே ஸ்டிக்கர். மனு எழுதும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம், செலவும் அதிகமில்லை.

பகலில் மட்டும் போய்ப் பார்ப்பது

விபத்து நடந்த அதே மணிக்குப் போங்கள். மாலை ஐந்தரைக்கு மேற்கே பார்த்து வண்டி ஓட்டிப் பார்க்காமல் அந்தத் தெருவைப் பற்றிப் பேசாதீர்கள்.

அடிபட்டவரைப் படம் எடுப்பது

முதலில் 108. தூக்கிவிட்டால் கேஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி கொடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்குப் பயந்து தூக்காமல் விடுகிறவர்களிடம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைச் சொல்லுங்கள். அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை பணம் கேட்பதில்லை.

முதுகைக் காட்டிக்கொண்டு டேப் பிடிப்பது

ஒருவர் அளக்கும்போது ஒருவர் வண்டி வருகிற பக்கம் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு பேரும் குனியாதீர்கள்.

மனுவை முதலில் எழுதிவிடுவது

தம்பிகள் அந்த மனுவை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பின்பக்கத்தில்தான் இப்போது தெருப்படம் வரைந்து வருகிறார்கள். சந்து முனைக்கு மூன்று விபத்து, ஆறு அம்பு. நாலு விழுந்துவிட்டது. மூன்றாவது விபத்தில் அடிபட்டவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு வரும்போது அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கேட்கிறோம் அண்ணே என்று சொல்லியிருக்கிறார்கள்.